பசலையும் பசளையும்

கஞ்சாச் செடியின் இலைகளைப் பற்றி, கவிதையும் கதையும் பேசுகிற நண்பர்கள் நடுவில் எழுதலாமா என்று சில நாட்களாக ஒரு தயக்கம் இருந்தது. மனைவியிடம் சொல்லிப் பார்த்தேன். "இஞ்சேருங்கோ, உங்களுக்கு எழுத வேற ஒண்டும் கிடைக்கேல்லையோ?" என்று கேட்டாள். எழுத வேறு விஷயங்கள் இருக்கின்றன. ஆனால் இருபது வருடங்களுக்கு மேலாக இலைகளைப் பார்த்துச் சம்பளம் வாங்கியவன் நான். ஒன்ராறியோவின் தெற்கு மூலையில் லீமிங்டன் என்றொரு ஊர் இருக்கிறது. கண்ணாடிக் கூடங்களுக்குள் தக்காளி வளர்ப்பதற்குப் பேர்போன இடம். என் வேலைக்காலத்தின் பெரும்பகுதி அந்தக் கூடங்களில் கழிந்தது. "இந்த இலை ஏன் மஞ்சளாகிறது?" என்ற ஒரே கேள்வியைத்தான் அத்தனை வருடங்களும் என்னிடம் கேட்டார்கள். வாசிப்புக்கும் அக்கறைக்கும் அந்தக் கேள்வியோடு உள்ள உறவு எனக்குத் தெளிவானது ஓய்வுபெற்று ஸ்காபரோவுக்கு வந்த பிறகு, பக்கத்து வீட்டின் நிலவறையில், நான்கு கஞ்சாச் செடிகளின் முன்னால்தான்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் ஒரு வீட்டில் நான்கு கஞ்சாச் செடிகள் வரை வளர்க்கலாம். கியூபெக் மாகாணம் அதை அனுமதிப்பதில்லை. அந்தத் தடை செல்லும் என்று 2023இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஒன்ராறியோவில் அனுமதி உண்டு. மருத்துவத் தேவைக்காக வளர்ப்பதற்கு 2001 முதலே தனியாக ஒரு வழி இருந்து வந்திருக்கிறது. இந்தியாவின் 1985ஆம் ஆண்டுச் சட்டம் பூவும் காயும் தாங்கிய நுனிகளையே கஞ்சா என்று வரையறுக்கிறது. நுனியோடு சேராத இலையையும் விதையையும் அந்த வரையறைக்கு வெளியே வைக்கிறது. ஆனால் உரிமம் இல்லாமல் செடியை வளர்ப்பது அங்கே குற்றம். இலங்கையிலும் வீட்டில் வளர்க்க இடமில்லை. ஆகவே இதை யாரும் பயிர்க் கையேடாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் சொல்ல வருவது இலையைப் படிப்பது பற்றி.

பக்கத்து வீட்டுப் பெரியவர் நியூஃபவுண்ட்லாந்துத் தீவில் பிறந்தவர். மின்வேலை செய்து ஓய்வுபெற்றவர், எழுபதைக் கடந்தவர். அவருடைய மனைவிக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். நரம்பிழைகளின் உறை சிதைந்துகொண்டே வருகிற நோய் அது. இரவானால் அந்த அம்மாவின் கால் தசைகள் கயிறு முறுக்கியதைப் போல இறுகிவிடும். கஞ்சாவிலிருந்து எடுத்து வாயில் தெளிக்கும் ஒரு மருந்துக்கு, இந்த நோயாளிகளின் நரம்பு வலிக்காக, கனடா 2005இல் நிபந்தனையோடு அனுமதி வழங்கியது. கடையில் வாங்கும் மருந்தின் விலை கட்டுப்படியாகாததால், மருத்துவருக்குத் தெரிவித்துவிட்டுப் பெரியவர் தாமே வளர்க்கத் தொடங்கியிருந்தார். நான் மருத்துவன் அல்லன். இந்தச் செடி யாருக்கு எவ்வளவு உதவும் என்பதை மருத்துவர்கள் சொல்லட்டும். பெரியவருக்கு அந்த நான்கு செடிகளும் மனைவியின் அடுத்த சில மாதத் தூக்கம். அதற்கு மேல் விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை.

பெப்ரவரி மாதத்தில், பனி முழங்கால் அளவு கிடந்த ஒரு மாலை, அவர் கதவைத் தட்டினார். கையில் ஒரு உறை, அதற்குள் நான்கைந்து இலைகள். நரம்புகள் பச்சையாக இருந்தன. நரம்புகளுக்கு இடைப்பட்ட வெளிகள் மஞ்சளாகியிருந்தன. ஓரங்களில் துருவின் நிறம். "தக்காளிக்காரர் நீங்கள், இது என்னவென்று சொல்லுங்கள்" என்றார். பூ வைத்து ஐந்தாவது வாரம் என்றும் சொன்னார்.

"கஞ்சாக் கண்டுக்கு வைத்தியம் பாக்கவோ போறியள்?" என்று மனைவி சிரித்தாள். ஆனால் சப்பாத்தை எடுத்துத் தந்தவளும் அவள்தான்.

*

போகும் வழியில் என் மனதில் வந்த சொல் பசலை. சங்கப் பாடல்களில் பழகிய எவருக்கும் அது புதிதல்ல. தலைவனைப் பிரிந்தவளின் மேனியில் படரும் நிறமாற்றம். குறளில் அதற்கென்றே பசப்புறு பருவரல் என ஓர் அதிகாரம் இருக்கிறது. இலையின் பச்சை குன்றுவதை மேற்கத்தியத் தாவரவியல் குளோரோசிஸ் என்று அழைக்கிறது. அந்தச் சொல்லும் ஒரு காலத்தில் இளம்பெண்களைப் பீடித்த சோகை நோய்க்கு மருத்துவர்கள் வைத்திருந்த பெயர்தான். காதல் ஏக்கத்தால் வரும் நோய் என்றுகூட அதை நம்பினார்கள். அதற்குக் கொடுத்த மருந்து இரும்பு. 1840களில் யூசேப் க்ரீ என்ற பிரெஞ்சுக்காரர் வெளிறிய செடிகளுக்கும் இரும்பு உப்பைக் கொடுத்துப் பார்த்தார். இலைகள் பச்சையாயின. பெண்ணின் மேனியையும் செடியின் இலையையும் ஒரே சொல்லால் பார்க்கும் பழக்கம் நமக்கு மட்டும் உரியதல்ல என்று அறிந்தபோது எனக்கு ஒரு மகிழ்ச்சி.

யாழ்ப்பாணத்தில் உரத்தை நாங்கள் பசளை என்போம். எருப் பசளை, குழைப் பசளை, கடையில் வாங்கும் பசளை. பசலைக்கும் பசளைக்கும் நடுவே ஒரு லகரமும் ஒரு ளகரமும். வெளிறியது தெரிந்ததும் உரத்தைத் தேடி ஓடுகிற கையைச் சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான சொற்சோடி அமையாது. என் வேலைக்காலத்தின் பெரும்பகுதி அந்தக் கையைத் தடுத்து நிறுத்துவதிலேயே போயிற்று.

*

நிலவறையில் இரண்டடிக்கு நாலடி அளவில் ஒரு துணிக்கூடாரம். உள்ளே எல்.ஈ.டி. விளக்கு, சின்ன மின்விசிறி, நான்கு தொட்டிகள். கஞ்சா இரவின் நீளத்தை அளக்கும் செடி. விளக்கைப் பதினெட்டு மணி நேரம் எரியவிட்டால் இலையும் தண்டுமாக வளர்ந்துகொண்டிருக்கும். பன்னிரண்டு மணி நேரமாகக் குறைத்தால் கோடை முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு பூக்கத் தொடங்கும். பெரும்பாலான வகைகளுக்குப் பூக்கும் பருவம் எட்டு முதல் பத்து வாரம். ஐந்தாவது வாரம் என்பது நட்டநடு. இனிப் பெரிய இலைகள் புதிதாக வருவது அரிது. இருக்கிற இலைகளை வைத்துக்கொண்டுதான் செடி பூவைக் கட்டி முடிக்க வேண்டும். ஆகவே இந்தப் பருவத்தில் இலை பழுதாவது வளர் பருவத்தில் பழுதாவதைப் போலன்று. திருத்திக்கொள்ள அவகாசம் குறைவு.

செடியைப் பார்ப்பதற்கு முன்பே மருந்தைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. பெரியவரும் கேட்டார். அவரிடம் ஒரு கதிரை கேட்டு வாங்கி உட்கார்ந்தேன். எனக்குள் வரிசையாகச் சில கேள்விகள் உண்டு. அவற்றை எந்தப் பயிருக்கும் மாற்றியதில்லை.

முதல் கேள்வி, எல்லாச் செடியிலும் இருக்கிறதா, ஒன்றில் மட்டுமா? ஒன்றில் மட்டும் என்றால் அந்த ஒன்றின் வேரிலோ தொட்டியிலோ ஏதோ இருக்கிறது. நான்கிலும் ஒரே மாதிரி என்றால் நான்குக்கும் பொதுவான தண்ணீர், உரம், விளக்கு ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டும். இங்கே நான்கிலும் இருந்தது.

இரண்டாவது, இலையில் அடையாளம் இருபுறமும் ஒத்திருக்கிறதா, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறியிருக்கிறதா? ஊட்டக் கோளாறு பெரும்பாலும் நடுநரம்பின் இருபக்கமும் ஒத்து வரும். பூஞ்சணமும் பூச்சியும் அப்படி ஒழுங்கு பார்ப்பதில்லை. இலையைத் திருப்பி அடிப்புறத்தை உருப்பெருக்கியால் பார்த்தேன். சிலந்திப்பேன் இருந்தால் மேல்புறத்தில் ஊசி குத்தியதுபோல வெண்புள்ளிகள் தெரியும், அடியில் மெல்லிய நூலாம்படை இருக்கும். இரண்டும் இல்லை. விளக்கு மிக அருகில் இருந்தால் உச்சி இலைகள்தாம் வெளுக்கும். உச்சி நன்றாகவே இருந்தது.

மூன்றாவது கேள்விதான் எல்லாவற்றிலும் பெரியது. பழைய இலையிலா, புதிய இலையிலா? செடி தன் உடலுக்குள் சில சத்துகளை இடம் மாற்றிக்கொள்ளும். நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம், மக்னீசியம் ஆகியவை அப்படிப்பட்டவை. இவற்றில் ஒன்று குறையும்போது செடி கீழேயுள்ள முதிய இலையிலிருந்து பிரித்தெடுத்து மேலேயுள்ள இளசுக்கு அனுப்பிவிடும். வாட்டம் முதியதில் தெரியும். கால்சியம், இரும்பு, மாங்கனீசு, போரான் போன்றவை ஓரிடத்தில் சேர்ந்தபின் எளிதில் நகராதவை. அவை குறைந்தால் முதியதிடம் இருப்பு இருந்தும் பயனில்லை, குருத்துத்தான் வாடும். யாழ்ப்பாணத்தில் பனை பார்த்து வளர்ந்தவர்களுக்குக் காவோலைக்கும் குருத்தோலைக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கே முதலில் பழுது, காவோலையிலா குருத்தோலையிலா என்று கேட்டாலே சந்தேகப்பட்டியலில் பாதியை அடித்துவிடலாம்.

பெரியவரின் செடிகளில் கீழ், நடு இலைகளில்தான் பழுது. ஆக இரும்பு இல்லை. நான்காவது கேள்வி மஞ்சளின் வடிவம். இலை முழுதும் நரம்போடு சேர்ந்து ஒரே சீராக வெளிறினால் நைட்ரஜனை நினைக்க வேண்டும். ஓரம் மட்டும் மஞ்சளித்துக் கருகினால் பொட்டாசியம். மங்கிய கரும்பச்சையோடு கருந்திட்டுகள் வந்தால் பாஸ்பரஸ். நரம்பு பச்சையாக நிற்க இடைவெளி மட்டும் மஞ்சளானால் மக்னீசியம். பச்சையத்தின் ஒவ்வொரு மூலக்கூற்றின் நடுவிலும் உட்கார்ந்திருப்பது ஒரு மக்னீசியம் அணு. பச்சையத்தை ஆராய்ந்ததற்காக ரிஹார்ட் வில்ஷ்டேட்டருக்கு 1915இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். செடிக்கு மக்னீசியம் போதாதபோது அது முதிய இலையின் பச்சையத்தைக் குலைத்து அந்த அணுவை மீட்டுக்கொள்கிறது.

இந்த அடையாளங்கள் எல்லாம் கஞ்சாவுக்கும் பொருந்துமா என்று யாரேனும் கேட்கலாம். நீண்ட காலம் இந்தச் செடியைப் பற்றிய அறிவு ஒளித்து வளர்த்தவர்களின் செவிவழிச் செய்தியாகவே இருந்தது. 2019இல் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தார் ஒவ்வொரு சத்தையும் தனித்தனியே நிறுத்திவைத்து இந்தச் செடியை வளர்த்து, எது குறைந்தால் எந்த இலையில் என்ன தோன்றுகிறது என்று பதிவு செய்தார்கள். அடிப்படை விதி தக்காளிக்கும் இதற்கும் ஒன்றே.

*

"அப்படியென்றால் மக்னீசியம் போடலாமா?" என்று பெரியவர் எழுந்துவிட்டார்.

இந்த இடத்தில்தான் பெரும்பாலானவர்கள் வாசிப்பை முடித்துவிடுகிறார்கள். இலையில் மக்னீசியம் இல்லை என்பது வேறு, மண்ணில் மக்னீசியம் இல்லை என்பது வேறு. இலை சொல்வது முதலாவதை மட்டும். இரண்டாவதை நாமாக ஊகித்துவிடுகிறோம்.

இலைகளின் நுனியைப் பார்த்தேன். எல்லா நுனியும் நெருப்பில் காட்டியதுபோலக் காய்ந்திருந்தது. பட்டினி கிடக்கும் செடியின் நுனி அப்படிக் கருகுவதில்லை. உப்பு மிகுந்தால் கருகும். அலமாரியில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். மூன்று புட்டிகள், ஒரு டப்பா. டப்பாவின் மேல் பூவின் படமும் 0-50-30 என்ற எண்களும். நைட்ரஜன் பூஜ்யம், மற்ற இரண்டும் மலைபோல. பூக்கும் காலத்தில் பாஸ்பரஸும் பொட்டாசியமும் அள்ளிக் கொடுத்தால் பூ பெருக்கும் என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். பெரியவர் வாரம் இருமுறை கொடுத்திருக்கிறார். இலை மஞ்சளானதும் மூன்று முறையாக்கியிருக்கிறார்.

என் பையில் இரண்டு கருவிகள் எப்போதும் இருக்கும். ஒன்று பி.எச். அளக்கும், மற்றது மின்கடத்துதிறனை அளக்கும். நீரில் உப்பு எவ்வளவு கரைந்திருக்கிறது என்பதை இரண்டாவது சொல்லும். ஊற்றிய நீரையும் தொட்டியின் அடியில் வடிந்த நீரையும் தனித்தனியே அளந்தோம். உள்ளே போனது 1.8 மில்லிசீமன்ஸ். வெளியே வந்தது 4.6. பி.எச். உள்ளே 6.0, வெளியே 5.2. மண்ணில்லாத பீட் கலவைக்கு 5.5 முதல் 6.5 வரை இருந்தால் நல்லது. தொட்டிக்குள் உப்பு குவிந்து, அமிலமும் கூடியிருந்தது. வேருக்கு அருகில் பொட்டாசியம் கூட்டமாக நின்றால் மக்னீசியமும் கால்சியமும் உள்ளே நுழைய வழி கிடைக்காது. காய்ப்பு மிகுந்த தக்காளியில் இதே கதையைப் பல வருடங்கள் பார்த்திருக்கிறேன். கடையில் மக்னீசியம் இல்லாமலில்லை, வாசலில் நெரிசல்.

உரவியலில் புகழ்பெற்ற ஓர் உருவகம் உண்டு. 1820களில் கார்ல் ஸ்ப்ரெங்கல் சொல்லி, பின்னர் யுஸ்டஸ் ஃபான் லீபிக் பரப்பிய குறைமத்தின் விதி. எந்தச் சத்து மிகக் குறைவோ அதுவே விளைச்சலைத் தீர்மானிக்கும். இதை ஒரு மரப்பீப்பாயாக வரைந்து காட்டுவார்கள். பலகைகளில் எது குட்டையோ அந்த உயரத்துக்குத்தான் தண்ணீர் நிற்கும். அழகான படம். ஆனால் பீப்பாயின் பலகைகள் ஒன்றையொன்று தள்ளுவதில்லை. தொட்டிக்குள் தள்ளும். ஒரு பலகையை உயர்த்தப்போய் இன்னொன்றைக் குட்டையாக்கிவிடலாம். பீப்பாயை மட்டும் மனதில் வைத்திருப்பவர் எப்போதும் எதையாவது ஊற்றிக்கொண்டே இருப்பார்.

ஒன்ராறியோவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தார் 2021இல் வெளியிட்ட ஓர் ஆய்வைப் பெரியவரிடம் சொன்னேன். மண்ணில்லாமல் வளர்த்த கஞ்சாவின் பூக்கும் பருவத்துக்கு, லீட்டருக்கு நைட்ரஜன் ஏறக்குறைய 194 மில்லிகிராமும் பாஸ்பரஸ் 59 மில்லிகிராமும் போதும் என்பது அவர்களின் கணக்கு. பொட்டாசியத்தை 60 முதல் 340 மில்லிகிராம் வரை மாற்றிப் பார்த்தும் விளைச்சல் அசையவில்லை. எண்கள் அவர்கள் வளர்த்த வகைக்கும் முறைக்கும் உரியவை, அப்படியே தூக்கிக்கொள்ள முடியாது. ஆயினும் டப்பாவின் மேலுள்ள விகிதத்துக்கும் இதற்கும் எவ்வளவு தூரம் என்பதை யாரும் பார்க்கலாம். இஸ்ரேலின் வோல்கானி மையத்தில் நடந்த ஆய்வுகளோ, நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் கூட்டக் கூட்டப் பூவிலுள்ள மருந்துப் பொருளின் செறிவு குறைவதைக் காட்டின. அதிகம் ஊட்டிய செடி அந்த அம்மாவுக்குக் குறைவாகவே கொடுக்கக்கூடும்.

பெரியவர் டப்பாவைக் கையிலெடுத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதை மூடி அலமாரியின் மேல்தட்டில் வைத்தார்.

*

செய்தது அதிகமில்லை. பி.எச். சரிசெய்த வெறுந்தண்ணீரை மெதுவாக, நிறைய ஊற்றி, வடியும் நீரின் அளவு இரண்டுக்குக் கீழே வரும்வரை உப்பைக் கழுவினோம். கூடாரத்தின் ஈரம் குறையும்வரை மின்விசிறியைக் கூட்டி வைத்தோம். பூ இறுகிய காலத்தில் ஈரம் தங்கினால் சாம்பல் பூஞ்சணம் வந்துவிடும். தொட்டி காய்ந்தபின், நைட்ரஜனும் சேர்ந்த சமச்சீரான உரம், சொல்லியிருந்த அளவில் பாதி. அதோடு லீட்டருக்கு அரை கிராம் எப்சம் உப்பு. அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு வருவதுதான் கடினம். கருகிய இடம் திரும்பப் பச்சையாகாது. எனவே பழுதான இலையைப் பார்த்து மருந்து வேலை செய்கிறதா என்று தீர்மானிக்க முடியாது. நோயின் எல்லை மேலே ஏறுகிறதா நிற்கிறதா என்று மட்டுமே பார்க்கலாம். தக்காளிக் கூடத்தில் எனக்கொரு வழக்கம் இருந்தது. பழுது தெரிகிற கடைசி இலைக்காம்பில் ஒரு சிவப்பு நூல் கட்டிவிடுவேன். நூலுக்கு மேலே மஞ்சள் வந்தால் கவலை, வராவிட்டால் பொறுமை. நான்கு செடிகளிலும் நூல் கட்டினோம். பத்து நாள் எதுவும் சேர்க்கக் கூடாது என்று சொன்னேன்.

மனிதர் பத்து நாளும் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். மூன்றாம் நாள் கொஞ்சம் கால்சியம் தெளிக்கலாமா என்றார். ஐந்தாம் நாள் கடற்பாசிச் சாறு நல்லதாமே என்றார். ஏழாம் நாள் கேள்வி எதுவும் கேட்காமல், வெறுமனே அங்கே உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார். தம் மனைவியின் நோயின் முன்னால் அவர் இருபது வருடமாக நின்றுகொண்டிருக்கிறார். அந்த நோய்க்கு ஊற்றுவதற்கு அவர் கையில் எதுவும் இருந்ததில்லை. செடிக்கு முன்னாலாவது கையில் ஒரு புட்டி இருந்தது. அதையும் கீழே வைக்கச் சொல்லியிருந்தேன்.

பத்தாம் நாள் போனபோது அந்த அம்மா மேல்மாடியிலிருந்து சக்கர நாற்காலியோடு மின்தூக்கியில் கீழே வந்திருந்தார். நான் செய்தவற்றைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "நான் அசைந்தால் இவர் தலையணை கொண்டுவருவார். அசையாமல் இருந்தால் தண்ணீர் கொண்டுவருவார். செடிகளுக்கும் அதுதான் நடந்திருக்கிறது" என்றார். பெரியவர் நூலைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டார். நான்கு நூல்களுக்கு மேலேயும் பச்சை அப்படியே நின்றிருந்தது. பூக்கொத்துகளுக்கு நடுவில் எட்டிப்பார்த்த சிற்றிலைகளின் நுனி கருகாமல் இருந்தது.

*

எட்டாவது வாரம் அவர் மறுபடியும் வந்தார். இம்முறை உறையில்லை, முகமே சொல்லிற்று. மஞ்சள் நூலைத் தாண்டிவிட்டது.

போய்ப் பார்த்தேன். கீழிருந்து மேலாக, நரம்போடு சேர்ந்து, ஒரே சீரான மஞ்சள். துரு இல்லை. நுனி காயவில்லை. நான்கு செடியிலும் ஒரே மாதிரி. வடிந்த நீரின் அளவு ஒழுங்காக இருந்தது. ஒரு செடியில் இரவுக் குளிர் பட்டு இலையோரம் ஊதா ஓடியிருந்தது; அது அந்த வகையின் இயல்பு, பாஸ்பரஸ் குறைவல்ல. பூக்கள் பருத்திருந்தன. உருப்பெருக்கியில் பார்த்தால் பூவின் மேலுள்ள நுண்சுரப்பிகள் கண்ணாடித் தெளிவிலிருந்து பால் நிறத்துக்கு மாறியிருந்தன. ஒன்றிரண்டு தேன் நிறத்துக்கு வந்திருந்தன.

பாடப்புத்தகத்தைத் திறந்து இந்த இலையை மட்டும் காட்டினால் எவரும் நைட்ரஜன் பற்றாக்குறை என்றுதான் எழுதுவார்கள். எழுதியது பொய்யுமல்ல. இலையில் நைட்ரஜன் இல்லைதான். ஆனால் யாரும் அதைத் திருடவில்லை, வேருக்கு அது கிடைக்காமலும் இல்லை. ஒளியைப் பிடித்து மாவாக்கும் புரதங்களில் இலை தன் நைட்ரஜனின் பெரும்பங்கைச் சேமித்து வைத்திருக்கிறது. பருவம் முடியும்போது அந்தப் புரதங்களைத் தானே ஒழுங்காகக் குலைத்து, துண்டுதுண்டாகப் பூவுக்கு அனுப்பிவைக்கிறது. பச்சை போனபின் அடியில் ஏற்கெனவே இருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. ஒக்டோபர் மாதத்தில் ஒன்ராறியோ முழுவதும் காரெடுத்துக்கொண்டு போய்ப் பார்க்கும் அந்த நிறங்களில் மஞ்சள் இப்படி வந்ததுதான்.

மூன்றாவது வாரத்தில் இந்த மஞ்சள் வந்திருந்தால் அது பசி. எட்டாவது வாரத்தில் அதே மஞ்சள் பங்கீடு. அடையாளம் ஒன்றே, காலம் வேறு. இலையைப் படிப்பவர் கடைசியாகக் கற்றுக்கொள்ள வேண்டியது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. எந்த வரியையும் அது கதையின் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று பாராமல் படித்துவிட முடியாது. இந்த வேளையில் நைட்ரஜனை ஊற்றினால் இலை கொஞ்சநாள் பச்சையாகத்தான் இருக்கும். பூ முதிராமல் இழுபடும்.

எங்கள் ஊரில் காவோலை விழக் குருத்தோலை சிரித்ததாம் என்று ஒரு பழமொழி சொல்வார்கள். முதியவர்களைக் கண்டு இளையவர்கள் நகைக்கக் கூடாது, நாளை உனக்கும் அதுதான் என்பது அதன் பொருள். சிறுவயதில் அதைக் கேட்கும்போது சிரிக்கிற குருத்தின் மேல் எனக்குக் கோபம் வரும். இத்தனை வருடம் இலைகளோடு இருந்தபின் கோபம் போய்விட்டது. குருத்து சிரிப்பதற்கு வேண்டிய பலத்தின் ஒரு பகுதி காவோலை இறக்கிக் கொடுத்தது. வாங்கியது இன்னதென்று குருத்துக்குத் தெரியாது, அவ்வளவுதான். கொடுத்தது காவோலைக்குத் தெரியுமா என்பதை மட்டும் தாவரவியல் எனக்குச் சொல்லித்தரவில்லை.

இதையெல்லாம் பெரியவரிடம் சொல்லவில்லை. "இது நோயல்ல, செடி தன் வேலையை முடிக்கிறது, பத்து நாளில் வெட்டலாம்" என்று மட்டும் சொன்னேன். "எதுவும் போட வேண்டாமா?" என்றார். வேண்டாம் என்றேன். "ஒன்றுமே?" என்றார். தண்ணீர் மட்டும் என்றேன்.

ஒன்பதாம் வாரத்தின் கடைசியில் வெட்டினார். இலைகள் ஏறக்குறைய முழுதும் மஞ்சளாகியிருந்தன, பூக்கள் நிறைந்திருந்தன. உலர்த்திப் பதப்படுத்த மேலும் ஒரு மாதம் போயிற்று. மே மாதத்தில் ஒருநாள் வேலிக்கு மேலாகக் கூப்பிட்டு, முந்தின வாரம் நாலு இரவு அவர் மனைவி விழிக்காமல் தூங்கியதாகச் சொன்னார். ஏழில் நாலு. அதைச் சொல்லும்போது விரல்களை மடித்துக் காட்டினார்.

இப்போது அவர் வீட்டில் அடுத்த நான்கு செடிகள் நிற்கின்றன. நூலும் நிற்கிறது. இடையில் ஒருநாள், உங்கள் மொழியில் இந்த மஞ்சளுக்கு என்ன பெயர் என்று கேட்டார். பசலை என்றேன். உரத்துக்கு? பசளை என்றேன். இரண்டையும் பலமுறை சொல்லிப் பார்த்தார். நாக்கை மடிக்க வேண்டிய இடத்தைக் காட்டினேன். வரவில்லை. அவர் வாயில் இரண்டும் ஒரே சொல்லாகவே ஒலித்தன. சில நாள் கழித்துத் தொலைபேசியில், "ஆறாவது வாரம், கீழே இரண்டு இலை மஞ்சள், நான் பசலை எதுவும் போடவில்லை" என்றார். நான் திருத்தவில்லை.